ஜீவராணி தள்ளிய தாள்

நாற்பத்தொரு கைநாட்டு. இதை மனதில் வையுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில், இலங்கையில் தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், ஆட்களை வெளியேற்றக் கம்பெனி வழக்குப் போட்டது. ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுக் குந்தினார்கள். கடைசியில் இணக்கம் வந்தது: கைநாட்டு வைத்தவர்களையும் அவர்கள் வாரிசுகளையும் லயத்தை விட்டு எழுப்பக் கூடாது. தீர்ப்பில் பெயர் எதுவும் இல்லை. பின்னால் தைத்த தாளில்தான் எல்லாம். ஊதா மையில் பெருவிரல்கள், பக்கத்தில் பென்சிலால் பெயர்கள்.

ஜீவராணி அந்த லயத்தில் பிறந்தவள். ஏ.எல். பரீட்சை வரை படித்து முடித்தவள், சிங்களமும் தண்ணீர்பட்ட பாடு. அதனால் மாவட்ட நீதிமன்றத்தின் பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றும் குத்தகைக்காரர் அவளை எடுத்தார். கோப்புகள் வெள்ளத்தில் ஊறிக் காய்ந்தவை. பாதிக்கு மேலட்டையே கிடையாது. கோப்பை விரித்துத் தொட்டில் மாதிரி இருக்கும் தட்டில் வைத்து, கண்ணாடியை இறக்கி, பெடலை மிதிப்பாள். மேலே இரண்டு கேமரா. அப்புறம் திரையில் பார்த்து, வேண்டாத படத்தை அழித்துத் தள்ளுவாள்.

மேற்பார்வைக்கு மாவனல்லை ஹிஷாம்.

"தங்கச்சி, வெறுந் தாள், பூஞ்சணம் புடிச்ச தாள், எல்லாத்தயும் தள்ளுங்கோ. குப்பைய ஏத்துறதுக்கா மெஷின் வாங்கின?"

"எழுத்து ஒண்ணும் இல்லன்னு பாத்துட்டுத் தள்றேன் சேர்."

"பாருங்கோ, பாருங்கோ. நான் மவுத்தானதுக்குப் பொறகு என்ட பேரப்புள்ள வந்து முடிக்கட்டும்."

அவள் சிரித்தாள். கையையும் வேகமாக்கினாள்.

அட்டையில்லாத ஒரு கோப்பின் கடைசித் தாளில் ஊதாப் புள்ளிகள் ஊறிப் படர்ந்திருந்தன. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் என்னவோ கீறல். பூஞ்சணம் என்று நினைத்தாள். தள்ளினாள். ஏற்றிய கோப்புகள் எல்லாம் சரி என்று கையெழுத்தும் போட்டாள். பழைய தாள்களைக் கடதாசி ஆலைக்கு லொறி ஏற்றிக்கொண்டு போனது.

மறுவருடம் தோட்டத்துக்குப் புதிய கம்பெனி வந்தது. லயம் இருக்கிற இடத்தில் சுற்றுலா பங்களா கட்டப்போகிறதாம். திரும்பவும் வழக்கு. லயத்துச் சங்கத் தலைவர் நாகலிங்கம் பழைய தீர்ப்பின் நகல் எடுக்க நீதிமன்றத்துக்கு வந்தார். ஜீவராணிக்குப் பெரியப்பா முறை.

அச்சடித்த தாள்களை எச்சில் தொட்டுப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

"புள்ள, கைநாட்டுத் தாள் எங்க?"

"என்னா கைநாட்டுங்க?"

"ஊதா மையில வெரலு. ஒங்க தாத்தன் வெரலும் அதுலதான் கெடக்கு. நம்மகிட்ட வேற பிரதி இல்ல."

அவள் தாள்களை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள்.

"பெரியப்பா... அது பூஞ்சணம்னு நெனச்சேன். நாந்தான் தள்ளுனேன்."

நாகலிங்கம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எத்தன தொர வந்தான், எத்தன தொர போனான். ஒருத்தனாலயும் அந்தத் தாள ஒண்ணும் பண்ண முடியல. நம்ம வீட்டுப் புள்ள பண்ணிருச்சு. படிக்க வச்சோம்ல."

அவள் ஹிஷாமிடம் ஓடினாள்.

"தள்ளினது போனதுதான் தங்கச்சி. எங்கயும் மிச்சம் இல்ல. நான் தள்ளச் சொன்னது மெய்தான். எல்லாம் சரியெண்டு சைன் வச்சது நீங்க."

ஜீவராணியே சாட்சிக் கூண்டில் ஏறினாள். தாள் இருந்தது, தள்ளியது நான், என்று சிங்களத்தில் திக்காமல் சொன்னாள். கம்பெனி லோயர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அதில் எந்தப் பெயரையாவது வாசித்தீர்களா?"

பொய் சொல்லலாம். சொல்லு என்று லயமே கண்ணால் கெஞ்சியது. தாத்தாவின் பெயர் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் மற்றவர்களின் பெயர்? வரிசையாகச் சொல்லச் சொன்னால் இரண்டாவது பெயரிலேயே மாட்டிக்கொள்வாள்.

"இல்லைங்க," என்றாள்.

யாருடைய வாரிசு என்று நிரூபிக்க ஆதாரம் இல்லை என்றார் நீதிபதி. மேல்முறையீட்டுக்கு லயத்திடம் வலு இல்லை. சங்கம் ஓர் அறிக்கை விட்டது. அறிக்கையால் கூரை நிற்காது.

மழை பிடிக்கும் முன் இடித்தார்கள்.

வைத்த கைநாட்டு: நாற்பத்தொன்று. இடித்த காம்பரா வீடு: இருபத்திரண்டு.