மூன்றாம் பக்கத்து மச்சான்

வினாயகமூர்த்தி மேசனுக்கு ஐம்பத்தாறு வயது. மட்டக்களப்பின் படுவான்கரையில் வயல் வட்டைகளுக்குப் போகிற பாதைகளில் பாதி மதகுகள் அவர் கையால் கட்டியவை. எல்லாம் பிறத்தியாரின் ஒப்பந்தத்தில் நாட்கூலிக்குச் செய்த வேலை. போன வருடந்தான் தன் பெயரிலேயே ஒப்பந்தக்காரராகப் பதிந்துகொண்டார்.

பேராசை இல்லை. மட்டக்களப்பில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதென்றால் வீட்டோடு கொடுக்கவேண்டும். மகள் யசோதினிக்குக் களுதாவளையில் மாப்பிள்ளை பேசியாயிற்று. வீடோ ஜன்னல் மட்டத்தில் நின்றது. ஆவணிக்குள் கூரை ஏறாவிட்டால் வேறிடம் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த நேரத்தில்தான் பிரதேச சபை ஒரு மதகு கட்ட ஒப்பந்தக்காரரிடம் விலை கேட்டுக் கேள்வி கோரியது. அந்த ஒரு வேலை கிடைத்தால் கூரை ஏறிவிடும்.

கேள்விப் பத்திரம் இருபத்திரண்டு பக்கம். கொங்கிரீட் தெரிந்த மனுசனுக்கு அந்தத் தமிழ் தெரியவில்லை. காத்தான்குடியில் சீமெந்துக் கடை வைத்திருக்கும் முனாப்தான் பொறுமையாக விளங்கப்படுத்தினார். கேள்விப் பிணை என்றால், விலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கமாட்டேன் என்பதற்கு வங்கி தருகிற உறுதி. தடுத்துவைப்புப் பணம் என்றால், கட்டினது வெடிப்பு விடுகிறதா என்று பார்க்கச் சபை பிடித்துவைத்திருக்கிற பங்கு. மூன்றாம் பக்கத்தை மட்டும் மேசன் யாரிடமும் கேட்கவில்லை. அது அவருக்கே விளங்கிய பக்கம்: சபையில் உமது உறவினர் எவரேனும் கடமையாற்றுகின்றாரா?

‘ஓம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் திரு. ஜெயந்தன். மச்சான்’ என்று எழுதினார்.

ஜெயந்தன் மாங்கேணிப் பொடியன். இரண்டு வருடத்துக்கு முன் மாற்றலாகி வந்தபோது, மேசனின் மனைவி இராசாத்தி முதலில் கேட்டது அவன் என்ன குடி, எந்தத் தாய்வழி வம்சம் என்பதைத்தான். அவளுடைய குடியேதான். அத்தோடு முறை தீர்மானமாயிற்று: அவளுக்குத் தம்பி, இவருக்கு மச்சான், யசோதினிக்கு மாமா. இரத்தத்தில் ஒரு சொட்டு உறவில்லை. ஆனால் குடியென்றால் குடிதான், அதை இல்லையென்று சொல்ல மேசனுக்கு வாய் வராது.

விலைப் பத்திரங்களைத் திறந்த நாளில் எல்லாருக்கும் முன்னால் வாசித்தார்கள். மேசனுடையதுதான் ஆகக் குறைவு. வருகிற வழியிலேயே கூரை ஓட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார், பாவம்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. நலன் முரண்பாடு காரணமாக நிராகரிக்கப்படுகிறது. மதிப்பீட்டுக் குழுவில் இருப்பவருக்கு உறவினர் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறாராம். கூடப்பிறந்தவனை உள்ளே வைத்துக்கொண்டு ‘இல்லை’ என்று எழுதுகிறவனெல்லாம் வேலை எடுத்துக்கொண்டு போகிற நாட்டில், இந்த மனுசனுக்கு இது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அன்று பின்னேரமே ஜெயந்தன் ஒரு கடதாசியோடு வந்தான்.

“என்ன வேலை அத்தான் செஞ்சீங்க? அவங்க கேக்கிறது சொந்த ரத்தத்தை. இப்ப எனக்கும் விளக்கம் கேட்டு எழுதியிருக்காங்க.”

“கேட்டாங்க மச்சான். கேட்டதுக்கு எழுதினன்.”

“மேன்முறையீடு போடுவம். நமக்குள்ள ஒரு உறவும் இல்லையெண்டு நானும் எழுதித் தாறன். நீங்களும் இதில ஒப்பம் வைங்க.”

தேத்தண்ணியோடு வந்த இராசாத்தி அப்படியே நின்றாள். “இல்லையெண்டா எழுதிறது, தம்பி?”

“கடதாசியிலதானே அக்கா.”

மேசன் எழுத்துக்கூட்டி வாசித்தார். ‘இவர் எனது உறவினர் அல்லர். நான் முன்னர் வழங்கிய கூற்று பொய்யானது.’ வெளியே யசோதினி மொட்டைச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தார், ஒப்பம் வைத்தார். ஜெயந்தன் தேத்தண்ணியைக் குடிக்காமலே போனான். அதன்பிறகு அந்த வீட்டு வாசல் படலையை அவன் திறக்கவில்லை. தெருவில் கண்டால் “ஐயா” என்றான்.

மேன்முறையீட்டுக்குப் பதில் வந்தபோது, கண்ணாடியைத் தேட மனமில்லாமல் மகளிடம் கொடுத்தார். அவள் வாசித்தாள். விலைகள் திறக்கப்பட்ட பின் கூற்றை மாற்ற இடமில்லை. மேலும், பொய்யான கூற்று வழங்கியதை விண்ணப்பதாரர் தாமே எழுத்தில் ஒப்புக்கொண்டிருப்பதால், இரண்டு வருடங்களுக்குக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்.

யசோதினி கடிதத்தை மடிக்கவில்லை.

“எதையப்பா பொய்யெண்டு எழுதிக் குடுத்தீங்க?”

“உண்மையைத்தான் மகள்” என்றார்.

ஆவணியில் களுதாவளை மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் கலியாணம் நடந்தது.