கிராணி என்று ஒரு பதில்

போன செவ்வாய்க்கிழமை காலை முழுவதும் ஈப்போவில் ஒரு பதிவு அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கும் பழக்கமான பெஞ்சுதான். எனக்காகப் போகவில்லை. குனோங் ராபாட்டில் எங்கள் பக்கத்து வீட்டு அஞ்சலைக்குத் துணையாகப் போனேன்.

ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்ட பிறகு இங்கே வந்து துணி பேக்டரியில் வேலை. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் நீல அடையாள அட்டை. இவருக்கு மட்டும் சிவப்பு. சிவப்பு என்றால் ஓட்டு கிடையாது, வேலை செய்ய பெர்மிட் வேண்டும். அன்று குடியுரிமை நேர்முகம். மலாய் மொழியில் நாலு கேள்வி... தேறினால் நீலம்.

தலைக்கு மேல் மின்விசிறி. ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு மலை, அதன் தோளில் நகர மனமில்லாத மேகம். அரைத் தூக்கத்தில் எனக்கு ஒரு மந்திரி தெரிந்தார் — போன தேர்தலில் எங்கள் மண்டபத்தில் மாலையோடு நின்று, சிவப்பெல்லாம் நீலமாகும் என்றவர். எல்லோரும் கை தட்டினோம். அஞ்சலையும்தான்.

பெயரைக் கூப்பிட்டார்கள்; நானும் கூட உள்ளே போனேன். சாதுவான அதிகாரி. மூன்று கேள்விக்குச் சரியான பதில். நாலாவது: அரசாங்கத்தை நடத்துவது யார்?

பிரதமர் பெயர்தான் பதில். வாரக்கணக்கில் மனப்பாடம் செய்த பெயர். அஞ்சலை அதிகாரியின் மேசையையும் பேனாவையும் பார்த்தார்.

"கிராணி, துவான்," என்றார் மரியாதையாக.

தோட்டத்தில் பிள்ளை பிறந்ததை எழுதுவது, லீவு கொடுப்பது, வீடு ஒதுக்குவது எல்லாம் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிதானே? மேனேஜர் துரையைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம்.

அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

அவரிடம் நியாயம் கேட்கலாம் என்று எழுந்தேன். ஆனால் எந்த முகத்தோடு கோபப்படுவது? நானும் அரசாங்க கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டம் நாடாளுமன்றத்தில் பிறக்கலாம். நடக்கப் பழகுவது எங்கள் மேசையில்தான். எத்தனை பேரின் விண்ணப்பப் பாரத்தை நான் டிராயருக்குள் தூங்க வைத்திருப்பேன்? நினைக்க வெட்கமாக இருக்கிறது.

வெளியே வந்ததும் அஞ்சலை படியில் நின்றுவிட்டார்.

"நான் தப்பாவா சொல்லிட்டேன், அண்ணே? மந்திரி ஆகும்னாரு, ஆகல. இவரு ஆகாதுன்னாரு, ஆகல. அப்ப கவர்மெண்ட் யாருலா?"

அதற்குப் பதில் கண்டுபிடிக்க ஆறு மாத அவகாசம் அவருக்கு மட்டுமல்ல... எனக்கும்தான்.