ட்ரம்மில் வளர்ந்த இமாம்பசந்த்

அடுத்தவர் மண்ணைக் கொத்தி, அடுத்தவர் செடிக்குத் தண்ணீர் விட்டு, நகக்கண்ணில் ஒட்டிய மண்ணை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருகிற தொழில் என்னுடையது.

திருச்செங்கோட்டில் ஒன்பது வீடு, ஒரு இன்ஜினியரிங் காலேஜ். இத்தனைக்கும் தோட்டப் பராமரிப்பு நான்தான். மொபெட்டில் முன்னால் கத்தரி, பின்னால் ஹோஸ் பைப், தலையில் என் வீட்டுக்காரரின் பழைய தொப்பி. வாடகை வீட்டில் இருந்துகொண்டு தொட்டியில் செடி வளர்க்கிற ஜனங்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். சொந்த வீட்டுக்காரர்கள் படித்தால் படிக்கட்டும், அவர்களுக்கு இது ஒன்றும் உறைக்கப்போவதில்லை.

எனக்கென்று ஒரே ஒரு மரம் இருந்தது. இமாம்பசந்த் ஒட்டு மா. பாதியாக அறுத்த நீல ட்ரம்மில் பதினோரு வருஷம் வளர்த்தேன். தை மாசம் பூவாய்ப் பூக்கும், பிஞ்சு மிளகளவு வரும், அத்தனையும் கொட்டிப்போகும். வேருக்கு இடமில்லாமல் காய் எப்படி நிற்கும்? அதைச் சொந்த மண்ணில் இறக்கி வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா? நாலுக்கு நாலடி மண்.

குட்டியானையில் ஊர்வலம்

அந்தப் பதினோரு வருஷத்தில் மூன்று வீடு மாறினோம். ஒவ்வொரு தடவையும் வண்டியில் முதலில் ஏறுவது மரம்தான். நாலு ஆள் பிடித்தால்தான் ட்ரம் அசையும். பீரோவைக் கயிறு போட்டுக் கட்டினோமோ இல்லையோ, மரத்துக்குப் பழைய சேலையைச் சுற்றி, கிளை ஒடியாமல் பிடித்துக்கொண்டு வண்டியின் பின்பக்கத்தில் நின்றபடியே நான் வருவேன்.

கடைசித் தடவை, குட்டியானை வண்டி ஓட்டி வந்தவர் பாதி வழியில் ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தார். மிக்ஸி கவிழ்ந்து கிடக்கிறது, தலையணை ஒன்று ரோட்டிலேயே விழுந்துவிட்டது, நான் மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அவர் கேட்டார்: "ஏனுங்கக்கா, ஊடு மாத்தறது நீங்களா, உங்க மரமா?"

புல்லுக்கு உசுரு

என் வாடிக்கை வீடுகளில் ஒன்று, போர்வெல் போடுகிற ரிக் லாரி முதலாளி வீடு. சத்தீஸ்கர் வரைக்கும் லாரி அனுப்பி போர் போட்டு ஊரெல்லாம் தண்ணீர் வரவழைத்தவர். அவர் வீட்டிலே போட்ட மூன்று போரிலும் வந்தது வெறும் புகை. ஆனாலும் வாசலில் புல்தரை வேண்டும் என்பார். டேங்கர் தண்ணீர் விட்டுத்தான் அதை வளர்க்கிறேன். "இந்த வெயிலுக்கு இதெல்லாம் ஆகுமா? அரளி வைங்க, இட்லிப்பூ வைங்க" என்று நானும் வாய் வலிக்கச் சொல்லிவிட்டேன்.

ஒருநாள் லாரி கூடவே தானும் கிளம்ப இருந்த முதலாளி, செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லின் மேல் மெதுவாக ஒரு சுற்று நடந்தார். வழக்கம்போல நான் திட்ட ஆரம்பித்தேன். அவர் நிமிராமலே சொன்னார்: "அங்க போனா ஆறு மாசம் கல்லுத் தூசியத்தான் பாத்துட்டுக் கெடக்கோணும் அம்மிணி. நான் திரும்பி வர்ற வரைக்கும் இதுக்கு உசுரு இருந்தாப் போதும்."



கொய்யாவைக் காட்டு

மலை அடிவாரத்தில் ஒரு வீடு. பையன் அமெரிக்காவில், அம்மா மட்டும் இங்கே. ஞாயிறு காலையில் நான் போனதும் போன் வரும். "அக்கா, கொய்யா காட்டுங்க. அந்தக் கிளை காட்டுங்க. அணில் கடிச்சிருக்கா? நான் வெச்ச கன்னுக்கா அது." வீடியோவில் அவனுக்கு ஒவ்வொரு இலையாகக் காட்ட வேண்டும். கொய்யா மேல் அத்தனை பாசம்.

நானும் போனைத் தூக்கிக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அந்த அம்மா நல்ல சேலை கட்டி, தலை வாரி, பூ வைத்துக்கொண்டு துணி துவைக்கிற கல் பக்கத்தில் நின்றிருந்தார். வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார்: "கொய்யாவக் காட்டி முடிச்சாச்சுன்னா, கொஞ்சம் இந்தப் பக்கமும் திருப்பு சாமி."

களை

காலேஜில் புல்தரைக்கு நடுவே பண்ணைக்கீரை முளைத்துவிட்டது. அங்கே புல்லைத் தவிர எது முளைத்தாலும் களைதான். பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தேன். எருமப்பட்டிப் பக்கத்துப் பெண் ஒன்று, ஹாஸ்டல் வந்து ஒரு மாசம் இருக்கும், வந்து உட்கார்ந்தது. ஒரு கொத்தை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. கிளாஸ் மணி அடித்தும் போகவில்லை. "வேணும்னா எடுத்துக்க கண்ணு" என்றேன்.

"எடுத்துட்டுப் போயி என்னங்கக்கா பண்றது, அடுப்பு எங்கூட்டுல இல்ல இருக்குது?" என்றது.

மரமா, ஊடா

கீழ்வீட்டில் இருக்கிற எங்கள் ஹவுஸ் ஓனர் கெட்டவர் இல்லை. மாடியில் நான் வைத்திருந்த ட்ரம்முக்குக் கீழே ஈரம் இறங்கி, அவர் வீட்டு ஹாலில் பூச்சு உதிர்ந்து சோற்றுத் தட்டில் விழுந்தால் மனுஷன் என்ன செய்வார்? மாடி ஏறி வந்து, மரத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, "ஆவணிக்குள்ள ரெண்டுல ஒண்ணு காலி பண்ணுங்க" என்றார்.

ஊர் பூராவும் மனை பார்த்தேன். விலையைக் கேட்டதும் வந்த வழியே திரும்பினேன். வாடிக்கையாளர் ஒருவர், தன் தோட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நல்லபடியாகச் சொல்லி, மறுநாளே வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டிவந்து ஈசான மூலை ஆகாது என்று கையை விரித்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் ரிக் லாரி டிரைவர். அப்போது ராய்ப்பூர்ப் பக்கம் எங்கேயோ இருந்தார். போன் போட்டு அழுதேன். "இந்த சீசன் முடியட்டும், மனை வாங்கிரலாம்" என்றுதான் வருஷா வருஷம் சொல்வார், அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. ரிக் இரைச்சலை விட்டுத் தள்ளி வந்தார். பிறகு, "ஊரு ஊராப் போயி ஆயிரம் அடி தோண்டறோம் புள்ள, உனக்கு மூணடி தோண்ட எடமில்லாமப் போச்சே" என்றார்.

இறக்கி வைத்த நாள்

கடைசியில் கை கொடுத்தவர் வசந்தாக்கா. தறி வைத்திருக்கிற குடும்பம், ஆறு வருஷமாக என் வாடிக்கை. கிழக்குப் பக்கம் நல்ல வெயில் விழுகிற இடம். "எங்கூட்டுல வைங்க, எங்க போயிரப்போகுது" என்றார்.

குழியை நானே தோண்டினேன். ஆளை விட்டுத் தோண்ட மனசு வரவில்லை. ட்ரம்மை நெடுக அறுத்துப் பிரித்தால், உள்ளே மண்ணே இல்லை, எல்லாம் வேர். போக வழி தெரியாமல் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து கயிறு திரித்த மாதிரி இறுகிக் கிடந்தது. பதினோரு வருஷமும் அந்தப் பாவத்தைச் செய்தவள் நான்தானே என்று நினைத்ததும் அடக்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு வேராகப் பிரித்துவிட்டபடி அழுதேன். வசந்தாக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்: "அழுகாதீங்க அம்மிணி. கட்டிக் குடுத்த புள்ளையக்கூட வாராவாரம் போயிப் பாக்க முடியாது, இத நீங்க பாக்கலாமுல்ல."

பழம்

பார்த்தேன், மூன்று வருஷம், வாரம் தவறாமல். முதல் வருஷம் முறைத்துக்கொண்டு நின்றது. இரண்டாம் வருஷம் கையகல இலையாய் விட்டது, ட்ரம்மில் அப்படி ஒரு இலையை நான் பார்த்ததே இல்லை. மூன்றாம் வருஷம் பிஞ்சு நின்றது. நிஜமாகவே நின்றது! நான் எண்ணவில்லை, கண் பட்டுவிடும். மற்ற வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் மொபெட் தானாக அந்தத் தெருவுக்குள் திரும்பியது.

வைகாசியில் ஒருநாள் போனேன். வசந்தாக்கா வெளியூர் போயிருந்தார். அந்த வருஷம்தான் கல்யாணமாகி வந்த மருமகள் கேட்டைத் திறந்தாள். நல்ல பெண், மரத்தின் கதை ஒன்றும் தெரியாது. மரத்தைப் பார்த்தேன், காய் அத்தனையும் பறித்தாகிவிட்டது. காம்பில் பால் வடிந்த கறைதான் மிச்சம். அந்த மரத்தின் முதல் காயை என் கையால் பறிக்க வேண்டும் என்று எத்தனை தரம் கனவு கண்டிருப்பேன்! யாரிடம் போய்ச் சொல்ல? கத்தரியை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய்விட்டேன்.

வேலை முடிந்து கிளம்பும்போது அந்தப் பெண் ஓடி வந்து ஒரு பழத்தை என் கையில் வைத்தாள். சிரித்த முகமாகச் சொன்னாள்: "எங்கூட்டு மரத்துப் பழமுங்கக்கா. கடையில எல்லாம் இந்த ருசி கிடைக்காது, சாப்பிட்டுப் பாருங்க."

பழம் தேனாகத்தான் இருந்தது, ஒரு குறையும் சொல்ல முடியாது. கொட்டையை ஊன்றத்தான் இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.