எரிந்துகொண்டிருந்த ரிவர்ஸ் லைட்

அரியலூரில் ஜெயங்கொண்டம் ரோட்டோரம் லாரி வேலை பார்க்கும் ஷெட்டுகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்று திருமுருகனின் எலக்ட்ரிக் ஷெட். ஒட்டினாற்போல, லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற என்னுடைய கடை. லாரி ரோட்டில் ஓடலாம் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் காட்டி எஃப்.சி. வாங்க வேண்டும் அல்லவா, அந்த எஃப்.சி.தான் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு. சுண்ணாம்புக்கல் ஏற்றி ஏற்றி, வண்டி என்ன நிறம் என்பது ஓனருக்கே மறந்துபோயிருக்கும். வருஷம் முழுக்க ஒரு லைட்டைக்கூடத் திரும்பிப் பார்க்காத மகானுபாவர்கள், எஃப்.சி.க்கு முதல் நாள் வந்து நின்றுகொண்டு உயிரை எடுப்பார்கள். நான் கத்துவேன். திருமுருகன் கத்தமாட்டான். "விடுங்கண்ணே, இன்னிக்காவது வந்தாங்களே" என்பான்.

ரிவர்ஸ் லைட் வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் கேபினில் ஏறி ரிவர்ஸ் கியர் போட வேண்டும், இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். திருமுருகனுக்குக் கேபின் ஆள் அவன் மனைவி ஜெயசுதா. கல்யாணமான புதிதில் சாப்பாடு கொண்டுவந்தவளை, "சும்மாதானே நிக்கிறே, ஏறி கியரப் போடு" என்று ஏற்றிவிட்டான். அவள் கியரைத் தேடுகிறேன் பேர்வழி என்று ஹாரனை அழுத்த, அடியில் படுத்திருந்தவன் பதறி எழுந்து சேஸிஸில் நெற்றியை இடித்துக்கொண்டான். ரோடே சிரித்தது. அதற்கப்புறம் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் கியர் அவள் கைக்குத் தெரியும். மேலேயிருந்து "எரியுதா?" என்பாள். "எரியுது மகராணி, எறங்கி வாங்க" என்பான் இவன். எனக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பேச்சு அது. இப்போது அதைக் கேட்க மாட்டோமா என்றிருக்கிறது.

அவர்களுக்கு ஒரே பையன், பாலாஜி. பாலிடெக்னிக் படித்தான். ஒரு பழைய பைக் வைத்திருந்தான். அதன் பின் லைட் எரியவில்லை என்று ஜெயசுதா புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். ஷெட்டில் எஃப்.சி. வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. "ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்" என்றான் அவன். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள், பொழுது சாயும் நேரத்தில், உடையார்பாளையம் தாண்டிப் பின்னால் வந்த ஒரு லோடு வண்டி பையனை அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. முன்னால் பைக் போனதே தெரியவில்லை என்றான் அந்த டிரைவர். பொய் சொல்கிறான் என்று திட்டக்கூட எங்களால் முடியவில்லை.

ஸ்டேஷனிலிருந்து பைக்கைக் கொண்டுவந்து ஷெட்டில் போட்டோம். பின் லைட் நொறுங்கிப் போயிருந்தது. அப்படியும் திருமுருகன் சீட்டைக் கழற்றிப் பார்த்தான். அடியில் ஓர் ஒயர் கழன்று தொங்கியது. விரலால் அழுத்தினான், அது போய் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான் வேலை. ஜெயசுதா பக்கத்தில் நின்று அதைப் பார்த்தாள். "அடிபட்டதுல கழண்டிருக்கும்டா" என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவில்லை.

அன்றோடு அவள் அவனிடம் பேசுவதை விட்டாள். சண்டை கிண்டை எதுவும் இல்லை. ஏசியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். சோறு ஆக்கிப் போட்டாள், துணி துவைத்தாள், வண்டி வந்தால் கேபினில் ஏறினாள். "எரியுதா?" என்று அவள் கேட்பதும், "எரியுது" என்று அவன் சொல்வதும்தான் அவர்களுக்குள் மிச்சம் இருந்த பேச்சு. ஊரில் புருஷன் பெண்டாட்டி பேசாமல் இருந்தால் நான் கேலி செய்வேன். இதை என்ன செய்ய?

போன ஆடியில் ஒருநாள் காலை, கையில் துணிப்பையோடு ஷெட்டுக்கு வந்தாள். என்னிடம்தான் சொன்னாள். "அண்ணே, சாயங்காலம் ஜெயங்கொண்டத்துக்குக் கெளம்புறேன், எங்க அண்ணன் வூட்டுக்கு. இனிமே அங்கதான் இருக்கப் போறேன். அவருகிட்ட சொல்லிடுங்க."

அவள் சொன்ன 'அவர்' கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்து பல்பு ஹோல்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. "இந்த டிப்பருக்கு நாளைக்கு எஃப்.சி. தங்கச்சி" என்று வாயில் வந்ததை உளறினேன்.

"தெரியும்ணே. இத முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன்."

ஆலத்தியூர்ப் பக்கம் கல் லோடு அடிக்கிற பழைய டிப்பர் அது. பல்பு நல்லது, ஃபியூஸ் நல்லது, ஆனால் பின்னால் கரண்ட் வரவில்லை. திருமுருகன் கியர்பாக்ஸில் இருக்கிற ரிவர்ஸ் ஸ்விட்சை மாற்றினான். அப்போதும் இல்லை. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறானோ என்று கவனித்தேன். இல்லை, ஒழுங்காகத்தான் தேடினான். ஒயரைப் பிடித்துக்கொண்டே சேஸிஸுக்கு அடியில் ஊர்ந்து போனான். சுண்ணாம்பு மண் அப்பிக் கல்லாகிக் கிடந்த ஓரிடத்தைத் தட்டி உடைத்தபோது, உள்ளே ஒயர் அரித்து அறுந்திருந்தது. அதை வெட்டி, புது ஒயர் போட்டு, டேப் சுற்றினான். மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. வெயில் இறங்கிவிட்டது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான்.

நான் பின் கதவில் நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். கேபினில் கியர் விழுந்த சத்தம் கேட்டது. என் முழங்காலுக்குப் பக்கத்தில் ரிவர்ஸ் லைட் இரண்டும் பளிச்சென்று எரிந்தன. வேலை முடியும்வரை கத்த வேண்டாமென்று, லைட்டோடு சேர்ந்து அலறுகிற ரிவர்ஸ் ஹாரனை அவன் காலையிலேயே கழற்றி வைத்திருந்தான்.

"எரியுதா?"

திருமுருகன் லைட்டையே பார்த்தான். "எரியல" என்றான்.

"கண்ணு அவிஞ்சு போச்சாடா" என்று கேட்கத் திரும்பியவன், அவன் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அவள் கியரை எடுத்துவிட்டு மறுபடியும் போட்டாள். மறுபடியும் எரிந்தது. "எரியல." அடியில் போய்ப் படுத்து, ஒன்றுமில்லாத இடத்தில் ஸ்பேனரால் தட்டிவிட்டு வந்தான். "இப்ப?" என்றாள். "இல்ல" என்றான்.

"அண்ணே, நீங்க பின்னாடிதானே இருக்கீங்க. எரியுதா?"

வெளிச்சம் என் வேட்டி மேலேயே விழுந்துகொண்டிருந்தது. "எரியலம்மா" என்றேன். நாலு பேர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி உண்மை பேசுகிறவன் என்று எனக்குப் பெயர். அந்தப் பொய்யை நான் முழு மனசோடு சொன்னேன். இந்த ராத்திரி தாண்டிவிட்டால் போதும், அவள் மனசு மாறிவிடும் என்று நினைத்தேன்.

அவள் கியரை எடுக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் பின்னால் வந்தாள். லைட் எரிந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

திருமுருகன்தான் பேசினான். "அன்னிக்கே பாத்திருக்கணும் சுதா. நீ ரெண்டு தடவ சொன்னே."

"மூணு தடவ சொன்னேன்" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "சாவிய ஆஃப் பண்ணுங்க, பேட்டரி எறங்கிடும்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள். அவன் ஓடிப்போய்ப் பையை வாங்கினான். அவள் தடுக்கவில்லை. எதிரே இருக்கிற ஸ்டாப்புக்கு ரோட்டைக் கடந்து போனார்கள். பார்க்கிறவனுக்கு, ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பின புருஷன் பெண்டாட்டி மாதிரிதான் இருந்திருக்கும்.

பஸ் வந்தது. ஏறும்போது அவள் சொன்னது எனக்கே கேட்டது. "கொழம்பு இருக்கு. சுட வெச்சு ஊத்திக்குங்க."

பஸ் போய் வெகுநேரமாகியும் அவன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பிரஷ்ஷை டின்னில் போட்டுவிட்டுப் போனேன். தோளைப் பிடித்து, "வாடா, ரெண்டு மாசத்துல தங்கச்சி தானா வந்துடும்" என்றேன். அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

"அண்ணே, வூட்ல வெச்சு ஒரு தடவ சொன்னா. ஷெட்ல வெச்சு ஒரு தடவ சொன்னா. இன்னொரு தடவ எப்பண்ணே சொன்னா? எனக்கு ஞாபகமே வரலண்ணே."