லண்டன் ஓட்டுக்கு எங்கள் குப்பத்தில் கூடிய கூட்டம்

இறால் வாடை அடிக்கும் ஒரு பாலிதீன் கவர். அதற்குள் பட்டன் போன், மேலே இறுக்கிச் சுற்றிய ரப்பர் பேண்டு. உப்புத் தண்ணீர் படாமலிருக்க எங்கள் குப்பத்தில் அப்போது எல்லோரும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். ஸ்பீக்கரில் போட்டால், பேசுகிறவர் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போல இருக்கும்.

அப்படி ஒரு போனில் வந்த குரலைப் பற்றித்தான் இது...

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். நான் சென்னையில் நிருபர் வேலைக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தபோது தேசப்பன் மாமா வாசலில் நின்றார்.

"மாப்ள, சாயங்காலம் கோயிலாண்ட கூட்டம். நீ கண்டிப்பா வரணும். லண்டன்ல எலக்‌ஷனாமே."

மாமாவின் மகள் மஞ்சுளா இங்கிலாந்தில் ஒரு கடலோர நகரத்தில் நர்ஸ். எங்களுக்கு அந்த நாடு முழுவதுமே லண்டன்தான். அவளிடம் இருந்தது இந்திய பாஸ்போர்ட். ஆனாலும் காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் அங்கே முறைப்படி குடியிருந்தால் ஓட்டுப் போடலாம். அவள் கணவன் குமார் இங்கே மாமாவின் படகில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டே விசாவுக்காகக் காத்திருந்தான். புதிதாக வருகிற ஆட்சி விதிகளை இறுக்கினால் அவன் பயணம் தள்ளிப்போகும். அதனால் அவள் ஓட்டு எங்களுக்குப் பெரிய விஷயமாகிவிட்டது.

எந்தத் தேர்தல் வந்தாலும் குப்பத்து ஆண்கள் கோயில் முன்னால் கூடி, யாருக்கு என்று முடிவு செய்வார்கள். ஊருக்கே ஒரே பேச்சு. பெண்கள் கூட்டத்தில் உட்காரும் வழக்கம் இல்லை. மஞ்சுளா ஊர்ப் பெண், ஆகவே அவள் ஓட்டையும் ஊர்தான் முடிவு செய்ய வேண்டும்... அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எனக்கும்தான்.

கூட்டத்தில் நான் தெரிந்ததைச் சொன்னேன். இரண்டு பெரிய கட்சிகளும் ஒட்டி ஓடுகின்றன. யாருக்கும் தனியாக மெஜாரிட்டி வராது என்றுதான் கருத்துக்கணிப்புகள் சொல்கின்றன. மூன்றாவதாக ஒரு கட்சி இருக்கிறது, அது யாருடன் சேர்கிறதோ அவர்கள் ஆட்சி.

"அவ்ளோதானே?" என்றார் ஏழுமலை அண்ணன். ஏரியில் இன்றைக்கு எந்த ஊர் வலை போடுவது என்று முறை பிரித்துக்கொள்வதை நாங்கள் பாடு என்போம். "மூணு பேரும் பாடு போட்டுக்கினா போவுது. ஒரு வருசம் அவன், ஒரு வருசம் இவன்."

"அங்க அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்கண்ணே."

"இன்னாபா, நம்மள ஆண்டவனுங்க! இதுகூடவா தெரியாது?"

கூட்டம் சிரித்தது. ஊர்த்தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "யாரு ஜெயிச்சாலும் மூணாவது ஆளு வூட்டாண்டதான் போய் நிக்கணும். அப்ப அவனுக்கே போடச் சொல்லு" என்றார். அவள் தொகுதியில் போட்டியே பெரிய கட்சிகள் இரண்டுக்கும் நடுவில்தான், மூன்றாவது ஆளுக்குப் போடும் ஓட்டு வீணாகலாம் என்று நான் இழுத்தேன். அதற்குள் முடிவாகிவிட்டது.

மாமா போனைப் போட்டு, கவரோடு தலைவர் முன்னால் பிடித்தார்.

"மஞ்சு, ஊரு முடிவு பண்ணிக்கீது. மூணாவது கட்சிக்குப் போட்டுடும்மா" என்றார் தலைவர்.

கவருக்குள்ளிருந்து மஞ்சுளாவின் குரல் வந்தது.

"பெரியப்பா, ஊர்ல இருந்தப்ப நீங்க சொன்ன சின்னத்துலதான் எல்லா வாட்டியும் குத்துனேன். நீ இன்னா நெனக்கிறேனு ஒருத்தரும் கேக்கல. இங்க ஆஸ்பத்திரி வார்டுல ஒரு தாத்தா கேட்டாரு, யாருக்குப் போடப்போறேனு. எங்க ஊர்ல சொல்லுவாங்கனு சொன்னேன். அவரு சிரிக்கல, பாவமா பாத்தாரு. அதான் தாங்கல எனக்கு."

மாமா போனை இன்னும் கொஞ்சம் உயரப் பிடித்தார்.

"வூட்டாண்ட ஓட்டு கேட்டு வந்தவங்ககிட்ட குமார் விசா பத்தி நானே கேட்டேன். அவங்க நோட்டீஸெல்லாம் படிச்சேன். முடிவு பண்ணிட்டேன். யாருக்குனு சொல்ல மாட்டேன் பெரியப்பா. கோச்சிக்காதீங்க."

எங்கள் ஊர்க்கூட்டத்தில் ஒரு பெண் பேசி முடித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. பேசவிட்டதும் நாங்களேதான்.

"கூட்டத்துல பொம்பள பேசறதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"போனுதானேபா பேசுது" என்றார் ஏழுமலை அண்ணன்.

தலைவர் மாமாவைப் பார்த்தார். "இன்னா தேசப்பா, ஊரு பேச்ச தட்டுது உன் பொண்ணு?"

மாமா எழுந்து நின்றார். பொதுவாக அதிகம் பேசாதவர். "நாம்ப அந்தக் கட்சிக்காரன் ஒருத்தன் மூஞ்சியாவது பாத்தோமா? எம் பொண்ணு பாத்து, கேட்டு, படிச்சி சொல்லுது. அது சொல்றதுதான் நாயம்." பிறகு போனிடம், "நீ போடும்மா. எனக்குகூட சொல்லாத" என்றார்.

வலைக் குவியலுக்கு அப்பால் நின்றிருந்த பெண்களிடமிருந்து ஒரு குரல்: "அப்ப எங்களயும் கேளுங்கபா!"

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கேட்டா மட்டும் சொல்லிடுவீங்களா?" என்றார். கூட்டம் கலைந்தது.

அங்கே கணிப்பில் சொன்னபடியே யாருக்கும் மெஜாரிட்டி இல்லை. பேசிப் பேசிக் கூட்டணி அமைத்தார்கள். குமாரின் விசா தாமதமானது, ஆனால் வந்தது. மஞ்சுளா யாருக்குப் போட்டாள் என்று இன்றுவரை அவனுக்கும் தெரியாது.

அதற்கு அடுத்து இங்கே வந்த தேர்தலில் ஊர் வழக்கம்போல ஒரு சின்னத்தைச் சொன்னது. எண்ணியபோது எங்கள் பூத்தில் ஓட்டு நாலாகப் பிரிந்திருந்தது.

முன்பெல்லாம் எங்கள் குப்பத்தின் ஓட்டு யாருக்கு என்று எழுத ஒரே ஒரு ஆளைக் கேட்டால் போதும், அச்சுக்கே அனுப்பிவிடலாம். இப்போது வீடு வீடாகப் போகிறேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகும் பையன் ஒன்று சொல்கிறான், அவன் அம்மா வேறொன்று சொல்கிறாள், பாதிப்பேர் சிரித்துவிட்டு டீ கொடுக்கிறார்கள். தூரத்து நாட்டின் கூட்டணிக்காக ஊரே மண்ணில் உட்கார்ந்து அடித்துக்கொண்ட மாதிரி ஒரு கூட்டம் அப்புறம் நடக்கவே இல்லை. அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது...

போன தேர்தலில் பத்திரிகை டெஸ்க்கிலிருந்து கேட்டார்கள்: "சார், உங்க ஊர் எந்தப் பக்கம்?"

"தெரியல" என்றேன். இத்தனை வருடச் சர்வீஸில் இவ்வளவு பெருமையாக அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை.