கணக்கெடுக்க வந்த நாள்

எங்கள் சந்தில் சண்டை என்றால் முதலில் என் குரல்தான் கேட்கும். அடையாறு ஆற்றை ஒட்டி நாற்பது வீடு இருக்கிற ஒற்றைச் சந்து அது. எனக்கு தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிற வேலை. அங்கே நாள் முழுக்க வாயைத் திறக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் அத்தனையையும் சேர்த்துவைத்துக் கொட்டிவிடுவேன்.

புதன்கிழமை அரசாங்க ஆட்கள் வீடுகளைக் கணக்கெடுக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கரையை அகலப்படுத்தப் போகிறார்களாம். எங்களையெல்லாம் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பப் போகிறார்களாம். ராத்திரி புரண்டு புரண்டு படுத்தேன். மிக்சி ஓடினாலும் வீட்டை இடிக்க வண்டி வந்துவிட்டது என்று நெஞ்சு பதறியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டம் போட்டோம். எங்கள் சந்தில் எது நடந்தாலும் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன்தான் முன்னால் நிற்பார். அன்றைக்கும் அவர்தான். பாதிப் பேர் போய்விடலாம் என்றார்கள். கெட்டிச் சுவர், தனிக் கக்கூஸ், வருஷா வருஷம் மழைக்கு மூட்டை தூக்குகிற பாடு இல்லை. மீதிப் பேர் சண்டைக்கு வந்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி ஒன்பது மணிக்கு வந்து நின்றால் எந்த வீட்டம்மா பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்வாள்? பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்னாவது? ஓட்டு கேட்டு வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு பேசியவர்கள் எல்லாம் இப்போது போனை எடுப்பதில்லை என்று ஒருவர் புலம்பினார். பக்கத்திலேயே வீடு கொடு என்று மனு எழுதலாம் என்றார் இன்னொருவர்.

நான் எழுந்து நின்று கத்தினேன். "அந்தாண்ட ஆத்த ஒட்டி ஏழு மாடி கட்டிகினு கீறானே, அவன போயி கணக்கெடுக்கறாங்களா? பட்டா வச்சிருந்தா ஆறு ஒதுங்கிப் போவுமா?" எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது, ஒளிப்பானேன்.

கடைசியில் அண்ணன் சொன்னதுதான் முடிவானது. யாரும் ரேஷன் கார்டைக் காட்டக் கூடாது. கார்டைக் காட்டினால் எழுதுவார்கள், எழுதினால் காலி பண்ணச் சொல்வார்கள். நாற்பது வீடும் சேர்ந்து மறுத்தால் அவர்களால் ஒன்றும் பண்ண முடியாது. ஆனால் யாராவது நடுவில் வழுக்கிவிட்டால்? அதற்கு நான்தான் வழி சொன்னேன்.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி பிறந்ததும் எல்லா வீட்டு ரேஷன் கார்டும் ஆதாரும் பிளாஸ்டிக் கவரில் சுற்றப்பட்டு என் வீட்டுக்கு வந்துவிடும். எனக்கு மட்டும்தான் மேலே ஒரு சின்ன மாடி அறை. அங்கே ஒரு நீல டப்பாவில் போட்டு மூடிவைப்பேன். ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்றால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடுவேன். வெள்ளத்துக்கு வைத்திருந்த அந்த டப்பாவை இந்தத் தடவை கணக்கெடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். எல்லா கார்டும் என்னிடம் வந்தன. யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று பேச்சு.

புதன்கிழமை காலையில் டீக்கு அடுப்பு மூட்டிவிட்டு மாடிக்குப் போனேன். டப்பாவைத் திறந்து என் கார்டை மட்டும் எடுத்து அரிசி டின்னுக்குள் செருகினேன். எல்லோரும் சேர்ந்து தோற்றுப்போனால் என் பிள்ளைகள் எங்கே போகும் என்று ஒரு பயம். சும்மா கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொள்கிறேன், காட்டவா போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். சந்து முனையில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். கார்டு இல்லாத வீட்டுக்குக் கதவில் நம்பர் கிடையாது, மாற்று வீடும் கிடையாது என்று மைக்கில் சொன்னார்கள்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக்காரி என் வாசலில் வந்து நின்றாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். இரண்டு பெண் பிள்ளைகள். கார்டைக் கொடு என்றாள். நான் சந்துக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன். நாற்பது வீட்டுப் பேச்சை உனக்காக மாத்தணுமா, வெட்கமா இல்லையா என்று வாய்க்கு வந்ததைக் கேட்டேன். அவள் நகரவில்லை.

"சின்னதுல அக்கரையில எங்க வூட்ட இட்ச்சாங்கக்கா. லிஸ்ட்ல எங்கம்மா பேரு இல்ல. ஒரு வருசம் பிளாட்பாரத்துல கெடந்தோம். ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சிகினு என்னால அங்க படுக்க முடியாதுக்கா."

அதற்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை. மாடிக்குக் கூட்டிப்போய் டப்பாவைத் திறந்தேன். அவளுடைய கவர் அடியில் கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே போனவள் நிமிர்ந்தாள்.

"ஒன் கார்டு இதுல இல்லியேக்கா?"

நான் அவளுடைய கவரை உருவி நீட்டினேன். அவள் திருப்பிக் கேட்கவில்லை. அதை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவள் மேஜைக்குப் போன கொஞ்ச நேரத்தில், யாரோ கார்டைக் காட்டிவிட்டார்கள் என்று பேச்சு பரவியதுதான் தாமதம், ஒவ்வொருவராக என் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். ஒரு மணி நேரத்தில் டப்பா காலி. மத்தியானம் நானும் வரிசையில் போய் நின்றேன், வேறு வழியில்லாமல் வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

அவர்கள் போன பிறகு அண்ணன் பத்துப் பேரோடு என் வாசலுக்கு வந்தார். கதவுகளில் நம்பரின் பெயின்ட் இன்னும் காயவில்லை. எதிர்வீட்டுக்காரி தன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"டப்பா ஒங்கிட்டதான இருந்துச்சு. மொதல்ல கார்ட எட்த்தது யாரு?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

நான் அவளைத்தான் பார்த்தேன்.

"நாந்தாண்ணா," என்றாள் அவள். "அக்கா குட்க்க மாட்டேன்னுதான் சொல்லிச்சி. நாந்தான் அழுது வாங்கினேன்."

அன்றைக்கு அவளை என்னென்னவோ திட்டினார்கள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

நம்பர் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வரவில்லை. என்றைக்கு வரும் என்று தெரியாமல் பயந்து பயந்து எழுந்திருக்கிறோம். சந்தில் அவளோடு யாரும் பேசுவதில்லை. தண்ணீர் லாரி வந்தால் அவள் குடத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். நானும் அவளோடு பேசுவதில்லை.