பகலில் பார்த்த அருந்ததி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் ஏலக்காயைக் கையில் அள்ளினால் போதும், ஏழு எம்.எம்.மா எட்டா என்று சல்லடை இல்லாமலே சொல்லிவிடுவேன். போடி வியாபாரிகளிடம் என் கண்ணுக்கு அப்படியொரு பெயர். அப்பேர்ப்பட்ட கண் அவிந்துவிட்டதென்று ஒருநாள் நடுங்கிப்போனேன். அப்போது எனக்கு ஏழு வயது.

மார்க்கையன்கோட்டையில் என் அத்தைக்குக் கல்யாணம். அத்தைக்குத் தூரப் பார்வை மட்டு. எட்டத்தில் வருவது மாடா மனுசனா என்று என்னைத்தான் கேட்பாள். “மாப்பிள்ளை வீட்டுக்காரவுக காதுல விழுந்துச்சு, தோலை உரிச்சுப்புடுவேன்” என்று அப்பா என்னை மிரட்டி வைத்திருந்தார்.

தாலி கட்டியானதும் ஐயர் மணமக்களைப் பந்தலுக்கு வெளியே கூட்டிவந்தார். காலை பத்து மணி வெயில். வசிஷ்டர் என்று ஒரு நட்சத்திரம், அதை ஒட்டிப் பொடிசாய் அருந்ததி, இரண்டையும் பெண்ணுக்குக் காட்டச் சொன்னார். மாப்பிள்ளை மாமா தென்னைக்கு மேலே விரலை நீட்டினார். கூட்டமே அண்ணாந்து, “தெரியுது, தெரியுது” என்றது. எனக்கு வெயில்தான் தெரிந்தது. அத்தையின் கோளாறு எனக்கும் ஒட்டிக்கொண்டதோ?

அத்தை கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தாள். கடைசியில், “எனக்கு ஒண்ணும் தெரியலயே” என்று அழுகிற குரலில் சொல்லிவிட்டாள்.

மேளம் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தார். “என்னாத்தா இது? ஊருக்கே தெரியுது, உனக்குத் தெரியலயா? கண்ணுல கோளாறா? மறைச்சுட்டாகளா?”

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. நான் பாய்ந்தேன். “எனக்குத் தெரியுது! ரெண்டு! ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு!”

“எங்கனடா?”

“அந்தா, அங்கன!”

“ஏலே, மாப்பிள்ளை தென்னையைக் காட்டுறாக, நீ கோயிலைக் காட்டுறியே!” என்றார் மேளக்காரர். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. அந்தச் சத்தத்தில் மாமா அத்தையின் காதோரம் குனிந்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

“எனக்குந்தான் தெரியல.”

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “இப்பத் தெரியுது” என்றாள் மாமியாரிடம். மேளம் முழங்கியது.

எனக்குத்தான் பகீரென்றது. கண் தெரியாத இரண்டு பேரைச் சேர்த்துக் கட்டிவைத்துவிட்டார்களே! இவர்கள் சின்னமனூர் ரோட்டை எப்படிக் கடப்பார்கள்? அந்தக் கவலையில் பந்தியில் பாயசம்கூட வாங்கவில்லை. வேன் ஏறும்வரை அவர்களுக்கு முன்னால் நடந்து, “கல்லு இருக்கு மாமா, பாத்து” என்று வழிகாட்டிக்கொண்டே போனேன்.

அத்தை ஏன் அவ்வளவு தூரமும் சிரித்துக்கொண்டே வந்தாள் என்பதுதான் புரியவே இல்லை.